லே சாமுராய் (1967): பத்து நிமிடம் யாரும் வாயே திறக்கவில்லை, இதில் என்ன ஸ்டைல்?

விஸ்காம்_விக்கி:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். படத்தின் முடிவு வரை பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

எங்கள் எடிட்டிங் வகுப்பில் ஆளுக்கொரு பழைய கிரைம் படம் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது பிரெஞ்சு இயக்குநர் ஜான்-பியர் மெல்வில் எடுத்த லே சாமுராய். ஹாஸ்டலில் லேப்டாப்பில் போட்டேன். ஒருவன் படுத்திருக்கிறான். எழுந்திருக்கிறான். தொப்பி போடுகிறான். கார் திருடுகிறான். நம்பர் பிளேட் மாற்றுகிறான். பத்து நிமிடம் ஒரு வசனம் கிடையாது. என் ரூம்மேட் "ஆடியோ போச்சுடா" என்று ஹெட்போனைப் பிடுங்கிச் சோதித்தே பார்த்துவிட்டான். அப்புறம் 1.5 வேகத்தில் வைத்து ஒருவழியாக முடித்தேன்.

கதை என்று பார்த்தால், ஜெஃப் கோஸ்டெல்லோ என்கிற கூலிக் கொலைகாரன் இரவு விடுதி முதலாளி ஒருவரைச் சுடுகிறான். போலீஸ் பிடிக்கிறது, சாட்சி சரியில்லை என்று விட்டுவிடுகிறது. வேலை கொடுத்தவர்களே அவனைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள். கடைசியில் செத்துப்போகிறான். அவ்வளவுதானே? எல்லோரும் ஸ்டைல், ஸ்டைல் என்கிறார்கள். கோட்டும் தொப்பியும் போட்டால் ஸ்டைலா? இருபது நிமிடம் நான் எதைப் பேசுவது?

மாம்பலம்_மாமி:

கோட்டையும் தொப்பியையும் பார்த்தீர்கள், அந்தக் கண்ணை விட்டுவிட்டீர்களே! ஜெஃபாக நடித்த அலன் தெலோனுக்காகவே நான் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தவள். 2024 ஆகஸ்டில் 88 வயதில் அவர் போனபோது எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தேன். "யார் அது, உங்க சித்தப்பா பையனா?" என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர்.

வசனம் இல்லை என்று குறைப்படுகிறீர்களே, தெலோன் இந்தப் படத்துக்கு ஒத்துக்கொண்டதே அதனால்தான். மெல்வில் அவர் வீட்டுக்குப் போய்க் கதையைப் படித்துக் காட்டியிருக்கிறார். தெலோன் நடுவில் கடிகாரத்தைப் பார்த்து, "ஏழரை நிமிடமாகப் படிக்கிறீர்கள், ஒரு வசனமும் வரவில்லை, இது போதும், நடிக்கிறேன்" என்றாராம். தலைப்பு என்ன என்று கேட்டிருக்கிறார். சாமுராய் என்று சொன்னதும் பேசாமல் எழுந்து தன் அறைக்குக் கூட்டிப்போனால், அங்கே சுவரில் ஒரு சாமுராய் ஆயுதம் மாட்டியிருக்கிறது. மெல்வில் பேட்டியில் சொன்ன கதை இது. கொஞ்சம் மசாலா சேர்த்திருப்பாரோ என்னவோ, ஆனால் எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்று. ஒரு பாட்டுகூட இல்லாமல் 1954இலேயே "அந்த நாள்" வந்த ஊர் இது. பத்து நிமிடம் வசனம் இல்லாமல் உட்கார முடியாதா உங்களால்?

காலடிச்சத்தம்:

தம்பி, 1.5 வேகத்தில் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்துவிட்டது.

நான் எஃபெக்ட்ஸ் ஆள். 24 வருடமாக இதுதான் பிழைப்பு. திரையில் கதாநாயகன் மாடிப்படி ஏறினால் அது என் கால். கதாநாயகி கொலுசு போட்டுக்கொண்டு ஓடினாலும் என் கால்தான். என்னிடம் பதினேழு ஜோடி செருப்பும் ஷூவும் இருக்கின்றன, கழற்றி எடுத்த அம்பாசடர் கதவு ஒன்று இருக்கிறது, டப்பா நிறைய சாவிகள் இருக்கின்றன. அதனால் நான் எழுதுவதை விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

இந்தப் படத்தை எனக்குக் கொடுத்தது ஒரு உதவி இயக்குநர், டிவிடியில். சப்டைட்டில் வேலை செய்யவில்லை. பிரெஞ்சில் எனக்கு மெர்சி தவிர ஒன்றும் தெரியாது. சரி, புரிகிறவரைக்கும் பார்ப்போம், பேச ஆரம்பித்ததும் அணைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவர்கள் பேச ஆரம்பிப்பதற்குள் நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். சாம்பல் பூத்த ஒரு அறை. இரண்டு ஜன்னல், நடுவில் ஒரு பறவைக் கூண்டு. கட்டிலில் ஆள் படுத்திருப்பதே தெரியாது. சிகரெட் புகை மேலே எழும்பும்போதுதான் அடடே, ஒருவன் இருக்கிறான் என்று கண்ணில் படும். காதில் விழுவது இரண்டே சத்தம்: அந்தப் பறவை விட்டுவிட்டுக் கீச்சிடுவது, வெளியே ஈரத் தெருவில் வண்டிகள் போவது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை அப்படியே விட எத்தனை தைரியம் வேண்டும் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஒரு படத்தில் பெரியவர் ஒருவர் தனியாகச் சாப்பிடுகிற காட்சி வந்தது. தட்டில் விரல் படுவது, சொம்பைக் கீழே வைப்பது, இவ்வளவுதான் போட்டுக் கொடுத்தேன். தயாரிப்பாளர் பார்த்துவிட்டு "என்னப்பா, ஸ்பீக்கர் புட்டுக்கிச்சா?" என்றார். மறுநாள் அதன் தலையில் ஒரு குடம் வயலினைக் கவிழ்த்துவிட்டார்கள்.

அதே காட்சியின் கடைசியில் ஒன்று நடக்கும், உங்கள் வகுப்புக்கு அது உதவும். கேமரா பின்னால் போகும், ஜூம் முன்னால் வரும், அதுவும் ஒரே சீராக இல்லாமல் நின்று நின்று. அறை லேசாகக் கிறுகிறுக்கும். இவன் மண்டைக்குள் ஏதோ சரியில்லை என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை, சுவர் சொல்லிவிடுகிறது. சாமுராயின் தனிமையைவிடப் பெரிய தனிமை கிடையாது, காட்டில் புலிக்கு வேண்டுமானால் இருக்கலாம் என்று ஒரு வாசகம் போடுகிறார்களே, புஷிடோ என்கிற சாமுராய் நெறி நூலிலிருந்து என்று? அது மெல்வில் தானே எழுதியது. படம் தொடங்கும்போதே நம் காதில் பூ சுற்றியாகிவிட்டது.

இப்போது அந்தக் கார் திருட்டு. மழை. தெருவோரம் நிற்கிற சிட்ரோயென் டி.எஸ். காரில் சொந்தக் கார் மாதிரி ஏறி உட்காருகிறான். பாக்கெட்டிலிருந்து ஒரு பெரிய சாவி வளையத்தை எடுக்கிறான், எத்தனையோ சாவிகள் அதில். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறான். எங்கள் ஊர்ப் படம் என்றால் இந்த இடத்தில் நெற்றி வியர்வை ஒரு ஷாட், எதிரே வரும் போலீஸ் ஒரு ஷாட், டிரம்ஸ். இங்கே? அவன் சாவியைக்கூடப் பார்க்கவில்லை. மழை வழிகிற கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டே இருக்கிறான், கை மட்டும் வேலை செய்கிறது. ஒரு சாவி சேரவில்லை. அடுத்தது. அதுவும் சேரவில்லை. அவன் அவசரப்படவில்லை, நமக்குத்தான் கை பரபரக்கிறது. எஃபெக்ட்ஸுக்குப் புதிதாக வரும் பையன்களிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தால் மொத்தமாகக் குலுக்குவார்கள். அவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன். ஒரு சாவி உள்ளே போவதற்கு ஒரு சத்தம், திரும்பாமல் முரண்டுபிடிப்பதற்கு ஒரு சத்தம், வெளியே வருவதற்கு ஒரு சத்தம். மூன்றும் வேறு வேறு.

அப்புறம் புறநகரில் அந்தக் கராஜ். ஷட்டர் திறந்திருக்கிறது, கார் உள்ளே போகிறது. மெக்கானிக் நம்பர் பிளேட்டைக் கழற்றி மாற்றுகிறார். காகிதங்கள், துப்பாக்கி, பணம், எல்லாம் கைமாறுகின்றன. வணக்கம்கூடக் கிடையாது. படத்தின் பிற்பகுதியில் அதே கராஜுக்கு இன்னொரு தடவை வருகிறான். அதே மாதிரி எல்லாம் நடக்கிறது. ஆனால் இந்தத் தடவை மெக்கானிக் வாயைத் திறந்து, இதுதான் கடைசி என்று எச்சரிக்கிறார். சரி என்கிறான். அவ்வளவுதான் பேச்சு. முதல் தடவை மௌனமாக இருந்ததால்தான் இரண்டாம் தடவை அந்த ஒரு வரி நம்மைக் கல்லால் அடித்த மாதிரி இருக்கிறது. சப்டைட்டில் இல்லாமல் பார்த்த எனக்கே அந்தக் குரலில் ஏதோ முடிந்துவிட்டது என்று புரிந்தது. 1.5 வேகத்தில் இதெல்லாம் என்ன ஆகும், சொல்லுங்கள்?

என்னைக் கேட்டால் ஸ்டைல் கோட்டில் இல்லை. ஒருவன் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அது முடிகிறவரை கேமரா எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருக்கிறது. கையில் குண்டு பட்டு வந்து தானே மருந்து வைத்துக் கட்டிக்கொள்கிறானே, அந்தக் காட்சியும் அப்படித்தான். முனகல்கூட இல்லை. அவன் அறையில் அலமாரிக்கு மேலே தண்ணீர் பாட்டில்களும் சிகரெட் பெட்டிகளும் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும், கவனித்தீர்களா? ஆளைப் பற்றி நமக்குக் கிடைக்கிற குடும்ப வரலாறு அதுதான்.

இசையும் இருக்கிறது, இல்லாமல் இல்லை. பிரான்சுவா த ருபே, அப்போது அவருக்கு 28 வயது. அந்த ஆர்கன் மெட்டு வேண்டிய இடத்துக்கு மட்டும் வந்துவிட்டுப் போய்விடும்.

இன்னும் போலீஸ் வைக்கும் அடையாள அணிவகுப்பு இருக்கிறது, பறவை இருக்கிறது. ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், இரவு வந்து எழுதுகிறேன்.

லாஜிக்_லோகு:

காலடி சார், ரசித்துப் படித்தேன், ஆனால் உடன்பட முடியவில்லை. தொழில்முறைக் கொலைகாரன் என்றால் திட்டம் பிசகக் கூடாது. அவன் என்ன செய்கிறான்? கூட்டம் நிறைந்த விடுதிக்குள் எல்லோரும் பார்க்க நடந்து போகிறான். சுட்டுவிட்டு வெளியே வரும்போது பியானோ வாசிக்கிற பெண் முகத்துக்கு நேரே நிற்கிறாள். ஒரு முகமூடி போட்டுக்கொள்ளக் கூடாதா? பின்வாசல் கிடையாதா? அந்தத் தொப்பியையும் கோட்டையும் போட்டுக்கொண்டே போலீஸ் நிலையத்துக்கும் போகிறான். கடைசியில் துப்பாக்கியில் குண்டே இல்லாமல் போய்ச் செத்துப்போகிறான். இது ஸ்டைல் இல்லை சார், அசட்டுத்தனம்.

மெட்ரோ துரத்தல் மட்டும் நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். போலீஸ் அலுவலகத்தில் வரைபடத்தில் விளக்கு எரிந்து எரிந்து அவன் போகும் வழியைக் காட்டுவது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான்.

காலடிச்சத்தம்:

லோகு சார், நீங்கள் கேட்பது நியாயம்தான். எப்படி அகப்படாமல் கொலை செய்வது என்று கற்றுக்கொள்ள இந்தப் படத்தைப் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஆனால் அந்தத் தொப்பியையும் கோட்டையும் வைத்தே மெல்வில் ஒரு காட்சி செய்திருக்கிறாரே, அதை விட்டுவிட்டீர்கள்.

கொலை நடந்த நேரத்தில் காதலி ஜேன் வீட்டில் இருந்ததாக ஜெஃப் சொல்லியிருக்கிறான். அந்த வீட்டிலிருந்து அவன் வெளியே போனதைப் பார்த்த ஒருவரைப் போலீஸ் கூட்டிவருகிறது. கமிஷனர் ஒரு தந்திரம் செய்கிறார். ஜெஃபின் கோட்டைக் கழற்றி ஒருவனுக்குப் போடுகிறார், தொப்பியை இன்னொருவன் தலையில் வைக்கிறார், ஜெஃபைக் கூட்டத்தில் கலந்து நிறுத்துகிறார். வந்தவர் ஆற அமர ஒவ்வொருவராகப் பார்க்கிறார். தொப்பி இவருடையது, கோட்டு அவருடையது, முகம் இதோ இவருடையது என்று பிரித்து மேய்ந்துவிடுகிறார். கமிஷனர் விரித்த வலை அவர் காலையே சுற்றிக்கொள்கிறது. கொலைகாரனுக்கு இதைவிடப் பலமான அலிபி கிடைக்காது! அந்த அறையில் இருக்கும் யாரும் குரல் உயர்த்தவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவன் ஏன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடக்கிறான் என்பதற்கு என்னிடம் இருப்பது ஒரு ஊகம்தான். மெல்விலின் சொந்தப் பெயர் குரும்பாக். ஜெர்மன்காரர்கள் பிரான்சைப் பிடித்துவைத்திருந்த காலத்தில் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தார். மெல்வில் என்பது அப்போது வைத்துக்கொண்ட மறைவுப் பெயர், அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில் மீதிருந்த பிரியத்தால். போர் முடிந்த பிறகும் அதையே வைத்துக்கொண்டார். கௌபாய் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பாரிஸ் தெருவில் சுற்றுவார். பொய்ப் பெயரில் வாழ்ந்த ஒருவருக்கு, வேஷம் என்பது மறைப்பதற்கு மட்டும் இல்லை, நிமிர்ந்து நிற்பதற்கும்தான் என்று தெரிந்திருக்கும். ஜெஃப் கண்ணாடி முன் நின்று தொப்பி விளிம்பை விரலால் நீவிவிடும்போது எனக்கு அதுதான் தோன்றும்.

கடைசிக் காட்சியில் அவன் அசடாகப் போகவில்லை சார். விடுதி வாசலில் தொப்பியைக் கொடுக்கிறான், டோக்கனை எடுத்துக்கொள்ளாமல் போகிறான். திரும்பி வாங்க வரப்போவதில்லை. எல்லோரும் பார்க்க வெள்ளைக் கையுறையை மாட்டுகிறான். தெலோன் சிரித்துக்கொண்டே சாகிற மாதிரியும் அந்த முடிவை எடுத்துவைத்திருந்தார்கள். வேறொரு படத்தில் அவர் ஏற்கெனவே அப்படிச் செத்துவிட்டார் என்று தெரிந்ததும் மெல்வில் அதைத் தூக்கிப்போட்டுவிட்டார். நல்லவேளை.

விக்கி தம்பிக்குப் பறவை பாக்கி. ஜெஃப் இல்லாத நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் பூட்டைத் திறந்து வந்து ஒட்டுக்கேட்கும் கருவி வைத்துவிட்டுப் போகிறார்கள். அவன் திரும்பி வருகிறான். கதவைச் சாத்துகிறான். பறவை வழக்கத்தைவிட அதிகமாகக் கத்துகிறது, கூண்டைச் சுற்றிச் சிறகு உதிர்ந்து கிடக்கிறது. அவன் அசையாமல் நின்று பார்க்கிறான். பிறகு அறையைத் தடவித் தேடிக் கருவியைக் கண்டுபிடிக்கிறான். அந்த வீட்டில் அவனோடு பேசுகிற ஒரே உயிர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது! வேறொரு அறையில் டேப் ரெக்கார்டரைச் சுழலவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போலீஸுக்குக் கிடைப்பது கீச் கீச் மட்டும். சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன் என்பதால் சொல்கிறேன், ஒலிப்பதிவை வைத்து இவ்வளவு அழகான நகைச்சுவை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அந்தப் பறவை பெண் புல்ஃபிஞ்ச். ஆணுக்கு மார்பு சிவப்பாக இருக்கும், பெண்ணுக்கு அந்த நிறம் கிடையாது. ஆன்ரி தெகாயின் ஒளிப்பதிவில் அந்த அறை முழுக்கச் சாம்பலும் மங்கலும். கலர் ஃபிலிமில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கவேண்டும் என்று மெல்வில் ஆசைப்பட்டார், அதற்குக் குருவிகூட ஒத்துழைக்க வேண்டியிருந்தது.

கொசுறு: அமெரிக்காவில் இதை 1972இல்தான் வெளியிட்டார்கள். காட்ஃபாதர் ஓடிய சூட்டில் "தி காட்சன்" என்று பெயர் வைத்து, ஆங்கிலத்தில் டப்பிங்கும் பேசி. டப்பிங் தியேட்டரிலேயே தலை நரைத்தவன் நான், எனக்கே அது அநியாயமாகப் படுகிறது.

விஸ்காம்_விக்கி:

காலடி சார், மாமி, லோகு அண்ணா, எல்லோருக்கும் நன்றி. வார இறுதியில் ஊருக்கு வந்திருந்தேன். நேற்று ராத்திரி ஹாலில் பெரிய டிவியில் சரியான வேகத்தில் போட்டேன், 105 நிமிடமும். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டேன், பறவைச் சத்தம் கேட்கவேண்டும் என்று. வியர்த்துக் கொட்டியது.

சாவிக் காட்சியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் சார், நிஜமாக. இன்னொன்றும் கவனித்தேன், முதல் தடவை கவனிக்கவே இல்லை. திருடின காரில் போகும்போது சிக்னலில் பக்கத்துக் காரில் இருக்கும் பெண் அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வகுப்பில் அந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

அம்மா நடுவில் வந்து உட்கார்ந்தாங்க. "இவன் எப்படா பேசுவான்?" என்று இரண்டு தடவை கேட்டாங்க. அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாங்க. முடிவில் அவன் சுடப்பட்டு விழுந்து, துப்பாக்கி காலி என்று போலீஸ் காட்டியதும் நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா கேட்டது வேறு: "அப்போ வீட்ல அந்தக் குருவிக்கு யாருடா தீனி போடுவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா சார்?

காலடிச்சத்தம்:

எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன் தம்பி, ஒருநாளும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

படத்தில் பதில் இல்லை. வெளியே ஒன்று இருக்கிறது, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் நேற்று விட்டுவிட்டேன். மெல்விலுக்குப் பாரிஸில் ரூ ஜென்னர் தெருவில் சொந்த ஸ்டுடியோ இருந்தது. 1967 ஜூனில், இந்தப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அது தீப்பிடித்து எரிந்துபோனது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பறவை உள்ளே இருந்தது.

இதை வகுப்பில் வேண்டுமானால் சொல்லுங்கள். வீட்டில் அம்மா கேட்டால், கராஜ் மெக்கானிக் வந்து எடுத்துக்கொண்டு போனார் என்று சொல்லிவிடுங்கள்.